பிளாண்ட் ஏல்: கேள்வி பதில்

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன் நான். அதிகம் காய்ச்சியது பிளாண்ட் ஏல் என்ற லேசான, பொன்னிற பீர்தான். அதைப் பற்றி என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மஞ்சளாக, தெளிவாக இருந்தால் அது லாகர்தானே? இதை ஏன் ஏல் என்கிறார்கள்?

நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறம் மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்து வருவது; ஏல், லாகர் என்ற இரண்டு பெரிய பீர் வகைகளில் எது என்பது, அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டைப் பொறுத்தது. லாகர் ஈஸ்ட் 10 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிதானமாக வேலை செய்யும், பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும். ஏல் ஈஸ்ட்டுக்கு 18, 20 டிகிரி போதும், சீக்கிரம் முடித்துவிடும். லாகர் குடித்துப் பழகியவர்களுக்காக அமெரிக்காவின் சிறு மதுவாலைகள் பிளாண்ட் ஏலை ஊற்ற ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: சிறு மதுவாலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பீர் என்றால் கசப்பும் கனமும் வேண்டாமா? இது தண்ணீர் மாதிரி இருக்கிறதே அண்ணா?

தம்பி, நல்ல ரசம் தெளிவாக இருக்கிறது என்பதற்காக அதைத் தண்ணீர் என்போமா? முதல் வாயில் ரொட்டி வாசம், லேசாகத் தேன். விழுங்கும்போது மெல்லிய கசப்பு வந்து நாக்கைத் துடைத்துவிடும். தித்திப்பு தங்காது, அதனால்தான் கை மறுபடி கிளாஸுக்குப் போகிறது. ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 5.5 சதவீதத்துக்குள். கலிஃபோர்னியாவின் பாசோ ரோபிள்ஸில் ஃபயர்ஸ்டோன் வாக்கர் மதுவாலை காய்ச்சும் 805 என்ற பிளாண்ட் ஏல் கிடைத்தால் குடித்துப் பாருங்கள், 4.7 சதவீதம். அந்தப் பகுதியின் தொலைபேசிக் குறியீடுதான் பெயர்.

கேள்வி: ஜெர்மனியின் கோல்ஷும் இதுவும் ஒன்றா?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. கோல்ஷ் கொலோன் நகரத்தின் பீர். ஏல் ஈஸ்ட்டில் புளிக்கவைத்து, பிறகு லாகர் மாதிரி குளிரில் வைப்பார்கள். அந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம் என்று அங்குள்ள மதுவாலைகள் 1986-இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியமும் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்தது.

அதைப் பரிமாறும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிளாஸ் ஒல்லியாக, நேராக இருக்கும். 200 மில்லிதான் பிடிக்கும். கேபஸ் என்று அழைக்கப்படும் பரிசாரகர், வட்டத் தட்டில் கிளாஸ்களைச் செருகிக்கொண்டு மேசை மேசையாக வருவார். காலியானதை எடுத்துவிட்டுக் கேட்காமலே புதியதை வைத்து, அடியிலிருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸை மூட வேண்டும். இந்தச் சின்னக் கிளாஸில் கடைசி வாய்வரை குளிர்ச்சியும் நுரையும் இருக்கும். லேசான பீருக்கு இதைவிடப் பொருத்தமான கிளாஸை நான் பார்த்ததில்லை.

கேள்வி: வீட்டில் காய்ச்சினேன். வேகவைத்த மக்காச்சோளம் மாதிரி நாற்றம். ஏன்?

பில்ஸ்னர் மால்ட் என்ற வெளிர் மால்ட்டைப் போட்டுப் பாத்திரத்தை மூடிக் கொதிக்கவிட்டீர்களா? நானும் அதைத்தான் செய்தேன். சமையலறை முழுக்க ஆவி என்று மூடியைப் பாதி சாய்த்து வைத்தேன். அதன் அடியில் முத்து முத்தாகத் திரண்ட தண்ணீர் திரும்பப் பாத்திரத்திலேயே சொட்டியது. அந்த மால்ட்டைக் கொதிக்கவைக்கும்போது உண்டாகும் டைமெத்தில் சல்ஃபைடு, அதாவது அந்த நாற்றத்தைத் தரும் பொருள், ஆவியோடு போக வேண்டும். நான் அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இருபது லிட்டரையும் கொட்டினேன். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்ட ஐ.பி.ஏ. வகை ஏல் என்றால் அந்த நாற்றம் பெரும்பாலும் அமுங்கியிருக்கும். இதில் அமுக்க எதுவும் இல்லை. திறந்தே 90 நிமிடம் கொதிக்கவிடுங்கள், பிறகு சட்டென்று குளிரவையுங்கள்.

கேள்வி: பெல்ஜியத்தில் காய்ச்சும் பிளாண்ட் ஏலும் இதுவும் ஒன்றா?

அது வேறு. அங்கிருந்து வரும் லெஃப் பிளாண்டில் ஆல்கஹால் 6.6 சதவீதம். இதே வேகத்தில் அதைக் குடிக்காதீர்கள்.

கேள்வி: எவ்வளவு குளிரில் குடிப்பது?

ஐந்து, ஆறு டிகிரி. ஃப்ரீசரில் உறையவைத்த கிளாஸில் ஊற்றினால் அந்த ரொட்டி வாசம் மூக்குக்கே வராது. வாங்கும்போது தேதியையும் பாருங்கள். இது புதிதாகக் குடிக்க வேண்டிய பீர்.