புது வீட்டில் ஐந்திணைச் செடிகள்: பாலையும் நெய்தலும் ஆகாதா?

கேள்வி: மதுரையில் மூன்று செண்டு இடத்தில் வீடு கட்டி முடித்திருக்கிறோம். என் கணவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஐந்தையும் வீட்டைச் சுற்றி வைக்க ஆசைப்படுகிறார். செடி ஏற்பாடு செய்து தருபவர் ஒருவர் ஐந்துக்கும் சேர்த்து 4,500 ரூபாய் கேட்கிறார். அவர் காட்டிய குறிஞ்சியில் இப்போதே ஊதாப் பூ இருக்கிறது. காலையில் பூத்துச் சாயங்காலம் உதிர்ந்துவிடுகிறது. பாலைக் கன்றில் ஒரு கணுவுக்கு ஏழு இலை. பக்கத்து வீட்டு அம்மா, "பாலை என்றால் பிரிவு, நெய்தல் என்றால் அழுகை, பாலையில் பேய் வேறு குடியிருக்கும், புது வீட்டுக்கு ஆகாது" என்கிறார். அதைக் கேட்ட செடிக்காரர், பரிகாரத்துக்கு நட்சத்திர மரம் வைத்தால் போதும், அதற்குத் தனிக் காசு என்கிறார். குறிஞ்சி பட்டுப்போனால் பதிலுக்குச் செங்காந்தள் கிழங்கு தருவாராம். வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த ஐந்தில் மூன்று உங்கள் வீட்டுக்கு உதவாது என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். பதிலுக்குத் தருகிறேன் என்கிறாரே ஒரு கிழங்கு, அதை வாசற்படி ஏறவே விடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாவின் பயத்தை முதலில் பார்ப்போம். பூவுக்கு ஒரு பொருள் என்பது பழந்தமிழ்ப் புலவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த வழக்கு. முல்லை பூத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கார்காலம் வந்துவிட்டது, மாலை நேரம், போனவன் இன்னும் திரும்பவில்லை, அவள் காத்திருக்கிறாள் என்று கேட்பவருக்கு அத்தனையும் விளங்கிவிடும். இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்று இலக்கணம் சொல்லும் உரிப்பொருள்கள் பாட்டுக்குள் இருக்கும் மனிதர்களின் மனநிலை. அந்தச் செடியை நட்ட வீட்டுக்கு அது நடக்கும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை.

அப்படிப் பயப்படுவதென்றால் மருதத்துக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். மருதத்தின் உரிப்பொருள் ஊடல், அதுவும் தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய் வந்ததால் வருகிற ஊடல். ஆனால் திருவிடைமருதூரிலும் திருப்புடைமருதூரிலும் ஸ்ரீசைலத்திலும் அதே மருதுதான் தலமரம். மருதமரத்தடியில் சாமி கும்பிட்டுவிட்டு வந்ததால் வீட்டில் சண்டை வந்தது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நெய்தலுக்கு அந்த அம்மா பயப்படுவதற்கு ஒரு அடிப்படை இருக்கலாம். சாவு வீட்டில் அடிக்கும் பறைக்கும் நெய்தல் என்று பழைய பெயர் உண்டு. ஒரு வீட்டில் நெய்தல் ஒலிக்க, இன்னொரு வீட்டில் மணமுழவு முழங்குகிறது என்று புறநானூற்றின் 194-ஆம் பாட்டு சொல்கிறது. அங்கே ஒலிப்பது பறை. உங்கள் தொட்டியில் பூக்கப் போவது அல்லி இனத்துப் பூ. அதன் உறவான செங்கழுநீரைத்தான் திருவாரூர்த் தியாகராசருக்குச் சாத்துகிறார்கள். தாராளமாக வையுங்கள்.

பாலைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இந்த ஒரு பெயரில்தான். பாலை என்ற பெயரில் நம் ஊரில் ஒரு மரம் இல்லை, பல மரங்கள். ஒடித்தால் பால் வடிகிற மரத்தையெல்லாம் நம் ஆட்கள் பாலை என்றே அழைத்துவிட்டார்கள்.

உங்களுக்குக் காட்டியது ஏழிலைப்பாலை. ஒரு கணுவில் குடை விரித்ததுபோல் ஏழு இலை நிற்பதுதான் அடையாளம். பேய்க் கதை முழுக்க இந்த மரத்துக்கு உரியது. ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும்போது ராத்திரியில் தலை கனக்கிற அளவுக்கு வாசனை வீசும். கேரளத்தில் யட்சி இதில்தான் குடியிருக்கிறாள் என்பார்கள். அதே மரத்தின் இலையைத்தான் சாந்திநிகேதனின் விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தில், தாகூர் காலத்து வழக்கப்படி, பட்டம் பெறும் மாணவர்கள் கையில் கொடுத்து வந்தார்கள். இதன் பலகையில் பிள்ளைகள் எழுதிப் படித்ததால் தாவரவியல் பெயரிலேயே 'ஸ்காலாரிஸ்' என்று படிப்பு ஒட்டிக்கொண்டது. ஒரு ஊரில் பேய், இன்னொரு ஊரில் கல்வி, மரம் ஒன்றுதான். ஆனாலும் உங்கள் வீட்டில் இதை வைக்க வேண்டாம். அறுபது எழுபது அடிக்கு வளர்கிற மரத்துக்கு மூன்று செண்டில் இடம் ஏது?

இரண்டாவது உலக்கைப்பாலை. உலக்கை செய்கிற அளவுக்கு வைரம் பாய்ந்த மரம். இலங்கைத் தமிழரிடம் பாலை என்று சொன்னால் இதைத்தான் நினைப்பார்கள். வன்னிக் காட்டில் மஞ்சளாகப் பழுத்துத் தொங்கும் பாலைப்பழத்தைத் தின்று உதடு பிசுபிசுத்த கதை அவர்களிடம் நிறைய இருக்கும். நல்ல மரம், ஆனால் மிக மெதுவாக வளரும். உங்கள் பேரனுக்குப் பேரன் வரும்போது நிழல் தரும்.

மூன்றாவது வெட்பாலை. பாலைத் திணைக்குப் பெயர் தந்தது இதுதான் என்று பலர் ஏற்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. பாலைக்குரிய காலம் வேனில். இந்த மரம் வெயில் ஏறும்போது இலையை உதிர்த்துவிட்டுச் சித்திரை வாக்கில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். பொடுகுக்கும் தோல் நோய்க்கும் எண்ணெய் காய்ச்சுகிற வெட்பாலை இலை இதனுடையது. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தின் மரப்பொம்மைகளைக் கடைவதும் இந்த மரத்தில்தான். வெட்டி வெட்டி அடக்கமாக வளர்க்கலாம், உங்கள் இடத்துக்குப் பொருந்தும்.

வாங்கும்போது பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். தாய்மரத்தைக் காட்டச் சொல்லி, காயைப் பாருங்கள். முருங்கைக்காயை மெல்லிசாக்கியதுபோல இரண்டிரண்டாகத் தொங்கும். பிஞ்சாக இருக்கும்போது அந்த இரண்டின் நுனியும் இடுக்கியின் இரண்டு கால் சேர்ந்ததுபோல ஒட்டியிருக்கும். குடசப்பாலைக்கும் இரட்டைக் காய்தான், ஆனால் நுனி ஒட்டாமல் தனித்தனியாகத் தொங்கும். மருந்துச் சரக்கில் இந்த இரண்டையும் மாற்றி விற்பது வெகுகாலமாக நடக்கிறது.

ஒரு மரம் நடும் திட்டத்தின் பட்டியலை ஒருமுறை என்னிடம் பார்க்கக் கொடுத்தார்கள். அதில் வெறுமனே 'பாலை' என்று எழுதி, பக்கத்தில் எண்ணிக்கை போட்டிருந்தது. எந்தப் பாலை என்று கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன், பதிலே இல்லை. பிறகு அந்தச் சாலையில் போனபோது பார்த்தால் மின்கம்பிக்கு நேர் கீழே ஏழிலைப்பாலையை வரிசையாக நட்டிருந்தார்கள். இன்றைக்கு அவை வருடா வருடம் மொட்டையடிக்கப்பட்டு நிற்கின்றன. விதைப் பொட்டலத்துக்காவது 1966 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பைக்கன்றுக்குத் தப்பான பெயர் சொல்லி விற்றால் போய்க் கேட்பவர்கள் குறைவு. அந்தத் துணிச்சலில்தான் இந்த இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அவர்கள் துணிச்சலின் உச்சம் குறிஞ்சி. காலையில் பூத்து மாலையில் உதிரும் ஊதாப் பூ என்று எழுதியிருக்கிறீர்கள். அது அநேகமாக மெக்சிகன் பெட்டூனியா. பிள்ளைகள் காயில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பட்டென்று வெடிக்க விட்டு விளையாடுவார்களே, அந்த வெடிக்காய்ச் செடியின் உறவு. எந்த நர்சரியிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 'குறிஞ்சி' என்று அட்டை எழுதிச் செருகியதும் விலை பத்து மடங்காகிவிடுகிறது.

நிஜமான நீலக்குறிஞ்சி ஏறத்தாழ 1,300 மீட்டருக்கு மேலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளியிலும் சோலைக்காட்டு ஓரத்திலும் வளர்வது. மதுரை கடல்மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். அது பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும், விதை தரும், பிறகு செத்துப்போகும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அங்கங்கே ஒரு மலையில் முன்பின்னாகப் பூப்பதும் உண்டு. ஆனால் "ஒரே வருடத்தில் பூக்கும்" என்று எவன் சொன்னாலும் அவனிடம் இருப்பது வேறு செடி. கருங்கோல் குறிஞ்சிப் பூவிலிருந்து தேனீ தேன் சேர்க்கும் மலைநாட்டுத் தலைவனோடு கொண்ட அன்பைக் குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு பாடுகிறது. பன்னிரண்டு வருடம் காத்துப் பூக்கும் பூ அந்த அன்புக்கு நல்ல அடையாளம். அதைத் தொட்டியில் அடைத்து விற்க முடிந்தால் அந்த அடையாளத்துக்கே பொருள் இல்லை.

ஒருவேளை அவர் நிஜக் குறிஞ்சியையே மலையிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்தால்? அது இன்னும் மோசம். 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட செடிகள் பட்டியலில் நீலக்குறிஞ்சி இருக்கிறது. பிடுங்குவதும் விற்பதும் குற்றம். வாங்கி வைத்தவருக்கும் தலைவலிதான், விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

குறிஞ்சி இல்லாமல் ஐந்திணை நிறையாதே என்று உங்கள் கணவர் வருத்தப்படுவார். டிசம்பர் பூ வைக்கச் சொல்லுங்கள். டிசம்பர் பூவும் கனகாம்பரமும் குறிஞ்சியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். மார்கழிப் பனியில் ஊதாவாகப் பூக்கும். குறிஞ்சித் திணைக்குரிய பொழுதில் முன்பனியும் ஒன்று, எனவே ஆசிரியருக்கும் மனநிறைவாக இருக்கும். நிஜக் குறிஞ்சியை 2030-இல் கொடைக்கானலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

செங்காந்தள் கிழங்கு வேண்டவே வேண்டாம். மாநிலப் பூ, ஈழத்தில் கார்த்திகைப்பூ, அழகில் அதற்கு இணை கிடையாது. ஆனால் வேர், இலை, விதை அத்தனையிலும் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் நிறையவே உண்டு. கலப்பை வடிவத்தில் இருக்கும் அந்தக் கிழங்கைச் சமையல் கிழங்கு என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளை மண்ணைக் கிளறுகிற வயது. நட்சத்திர மரமும் இதே கதைதான். பிறந்த நட்சத்திரத்துக்கு ஒரு மரம் என்று சொல்லும் பட்டியலில் முதல் நட்சத்திரமான அசுவினிக்கு எழுதியிருப்பதே எட்டி மரம். எட்டிக்கொட்டை எப்பேர்ப்பட்ட விஷம் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். இல்லாத தோஷத்தைச் சொல்லி, அதற்குப் பரிகாரம் என்று விஷத்தை விற்கிறவரிடம் எனக்குப் பொறுமை இல்லை.

முல்லையில் பிரச்சினை ஒன்றுமில்லை, செடியை மட்டும் சரியாகப் பாருங்கள். மதுரையில் முல்லை கேட்டால் மல்லிகையைத் தருவார்கள், பிச்சியைத் தருவார்கள். மல்லிகைக்குத் தனி இலை. பிச்சிக்கு ஒரே காம்பில் ஏழெட்டுச் சிற்றிலை. முல்லை இலையைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு பெரிய இலை, அதன் அடியில் காம்பை ஒட்டி இரண்டு பக்கமும் குட்டிக் காது மாதிரி இரண்டு இலை. அந்தக் காது இருந்தால் முல்லை. வாசலோரம் மண்ணில் வைத்துப் பந்தலில் ஏற்றுங்கள். தை மாதத்தில், ஜனவரி கடைசி வாரம் கவாத்து செய்தால் நன்றாகப் பூக்கும்.

மருதம் ஆற்றங்கரை மரம், ஏழிலைப்பாலை அளவுக்கே ஓங்கி வளரும். வீட்டில் வைக்காதீர்கள். உங்கள் பகுதிக் கண்மாய்க் கரையில் ஊர்க்காரர்கள் சம்மதத்தோடு கணவர் கையால் ஒன்று நடட்டும், நீர்மருது என்று கேட்டு வாங்குங்கள். வைகைக்கரையில் திருமருத முன்துறை என்ற பழைய நீர்த்துறை இருந்த ஊருக்கு அது பொருத்தமும்கூட.

நெய்தலுக்கு இரண்டடி அகல சிமெண்டுத் தொட்டி போதும். அடியில் கண்மாய்க் களிமண், மேலே ஒரு கை மணல், பிறகு தண்ணீர். தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். தாமரைக் கன்றைத் தந்து நெய்தல் என்பார்கள். இலையைப் பாருங்கள்: தாமரை இலை முழு வட்டம், நடுவில் காம்பு. நெய்தல் இலையில் ஒரு பக்கம் காம்பு வரை வெட்டு இருக்கும். கொசுவுக்குப் பத்து கப்பி மீன் விடுங்கள். தொட்டிக்கு மேல் இரும்புக் கம்பி வலை ஒன்று வெல்டிங் செய்து, பூட்டு வைத்து மூடுங்கள். இலையும் பூவும் அந்த இடுக்கு வழியாக வந்துவிடும். பேரன் எட்டிப் பார்த்தாலும் உள்ளே விழ மாட்டான்.