‘பிடிச்சிருக்கு’ போதும், தம்பி

கேள்வி: ஒசாகாவில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறேன். மொழி வகுப்பில் பழக்கமான ஒரு ஜப்பானியப் பெண்ணிடம் மனதைச் சொல்லப் போகிறேன். அகராதியைத் திறந்தால் அய், கொய், ரென்அய், ஜோனெத்ஸு என்று வரிசையாக நிற்கின்றன. என் காதலின் வேகத்தைக் காட்டும் சொல் எது? ‘வதாஷி வா அனதா ஓ அய்ஷிதே இமஸ்’ (நான் உங்களைக் காதலிக்கிறேன்) என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். சரிதானா?

பதில்: இலக்கணம் சரி. ஆனால் அந்த வாக்கியத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள்.

‘அய்ஷிதேரு’ (காதலிக்கிறேன்) என்பதைப் பாட்டிலும் நாடகத்திலும் நிறையக் கேட்கலாம். வீட்டில் கேட்பது அரிது. ஒருமுறைகூடச் சொல்லாமல் நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் அங்கே உண்டு. (இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்!) முதல் பேச்சிலேயே அதை எடுத்தால் அந்தப் பெண் பயந்துபோவார். ‘நீங்கள்’ என்று பொருள்படும் ‘அனதா’வும் வேண்டாம். மனைவி கணவனைக் கூப்பிடும் சொல் அது. மற்ற இடங்களில் விறைப்பாக, சில சமயம் மரியாதைக் குறைவாகவும் ஒலிக்கும். பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்துச் சொல்லுங்கள். ‘நான்’ என்பதையும் விட்டுவிடலாம். தமிழில் நாம் விடுவதில்லையா?

நீங்கள் தேடும் சொல் ‘சுகி’. “சுகி தெஸ்” என்றால் அப்படியே நம் “பிடிச்சிருக்கு”. ராமென் என்ற நூடுல்ஸும் சுகிதான், பூனையும் சுகிதான். இவ்வளவு சாதாரணச் சொல்லா என்று முகம் சுளிக்காதீர்கள். ஒருவரைத் தனியே அழைத்து, கண்ணைப் பார்த்து “உங்களைப் பிடிச்சிருக்கு” என்றால் தமிழ்ப் பெண்ணுக்குப் புரியாமல் போகுமா? அதே கனம்தான். கூடவே “த்ஸுகியத்தே குதசாய்” சேர்த்துக்கொள்ளுங்கள். ‘என்னோடு பழகுங்கள்’ என்று முறைப்படி கேட்பது. இப்படி மனம் திறப்பதற்கு ‘கொகுஹாகு’ என்று பெயர். பலருக்கு அதற்குப் பிறகுதான் காதலர்கள் என்ற கணக்கே தொடங்குகிறது. ஒசாகாக்காரர்கள் “சுகியாநென்” என்பார்கள். ஆசையாக இருக்கும், ஆனால் உங்கள் வாயிலிருந்து வந்தால் வேடிக்கைக்குச் சொன்னதாக அவர் சிரித்துவிடக்கூடும்.

மற்றச் சொற்களுக்கு வேறு வேலை. ‘ஜோனெத்ஸு’ வேகம்தான், ஆனால் வேலையிலும் கலையிலும் காட்டுகிற வேகத்துக்குத்தான் அதிகம் புழங்குகிறது. அதைச் சொன்னால் வேலைக்கு விண்ணப்பம் போடுவதுபோல் இருக்கும். ‘நெத்ஸுஅய்’ என்று ஒன்று உண்டு, கொதிக்கும் காதல். நடிகர் நடிகை கிசுகிசுவுக்கு வாரப் பத்திரிகைகள் வைக்கும் தலைப்பு. ‘ரென்அய்’ மெய்ஜி காலத்தில் (பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி), ‘லவ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகப் பரவியது. காதல் கல்யாணம் ‘ரென்அய் கெக்கோன்’, பெரியவர்கள் பார்த்துக் கூட்டிவைக்கும் சந்திப்பு ‘ஒமியாய்’. பேச உதவும், காதல் சொல்ல உதவாது.

கொய், அய் இரண்டும்தான் ருசியானவை. இன்று அன்பு, காதல் என்று பொருள்படும் ‘அய்’ பௌத்த நூல்களில் பெரும்பாலும் விட்டொழிக்க வேண்டிய பற்று! பதினாறாம் நூற்றாண்டில் வந்த கிறிஸ்தவப் பாதிரியார்கள் இறைவனின் அன்பைச் சொல்ல, ‘அருமையானது’ என்று பொருள்படும் ‘தைசெத்ஸு’ என்ற வேறு சொல்லைப் பயன்படுத்தினார்கள். ‘கொய்’ ஆதியில் எதிரில் இல்லாதவருக்காக ஏங்குவது. நம் பாலைத்திணைக்குப் பக்கத்து வீடு. எட்டாம் நூற்றாண்டின் மன்யோஷு தொகுப்பில் சில பாடல்களில் அதை ‘தனிமை’, ‘துயரம்’ என்று பொருள்படும் இரண்டு சீன எழுத்துகளைச் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஜப்பானியர் ஒரு விளையாட்டும் சொல்வார்கள்: ‘அய்’ எழுத்தில் இதயத்தைக் குறிக்கும் வடிவம் நடுவில் இருக்கிறது, ‘கொய்’ எழுத்தில் அடியில் இருக்கிறது. ‘அடிமனம்’ என்றால் அவர்கள் மொழியில் உள்நோக்கம்!

‘கோமென்னசாய்’ (மன்னியுங்கள்) என்று பதில் வந்தால் இல்லை என்று பொருள். மறுபடி கேட்காதீர்கள். சரி என்றால், பொங்கலுக்கு ஊருக்கு வந்த நான்காம் நாள் “அய்தாய்” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். ‘பார்க்கணும் போல இருக்கு’. பழைய கொய் இன்று அந்தச் சொல்லில்தான் குடியிருக்கிறது.