களியில் கடலை வேண்டாம்

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் களிமண் நஞ்சை இருக்கிறது. ஒரத்தநாடு அருகே ஒரு ஏக்கர் செம்மண் நிலம் புதிதாக வாங்கியிருக்கிறோம். சம்பா அறுத்ததும் களியில் மணல் கலந்து நிலக்கடலை போடலாமா? செம்மண்ணில் நெல் வருமா?

பதில்: மணல் அடிக்கும் யோசனையை முதலில் விடுங்கள். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண்ணே ஏறக்குறைய 850 டன் இருக்கும். பத்தில் ஒரு பங்கு மணல் சேர்க்கவே 85 டன் வேண்டும். அவ்வளவு கொட்டினாலும் களி களியாகவேதான் இருக்கும்.

கடலையில் பூ கருவுற்றதும் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். காய்ந்த களி கல்லாக இறுகிவிடுவதால் விழுது இறங்காது. தப்பித் தவறிக் காய்த்தாலும், செடியைப் பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணோடு நின்றுவிடும்.

அந்த நிலத்துக்கு உளுந்துதான். கையறுப்பு என்றால் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, ஏக்கருக்கு 10-12 கிலோ விதையை நெற்பயிருக்குள்ளேயே தெளித்துவிடுங்கள். உளுந்தில் ஆடுதுறை 3, நெல் அறுத்த தரிசுக்கு ஏற்ற ரகம். மிஷின் அறுப்பென்றால் அவ்வளவு முன்னதாகத் தெளிக்காதீர்கள், முளைத்ததெல்லாம் நசுங்கிப்போகும். மிஷின் வயலில் இறங்குவதற்குச் சற்று முன் தெளித்தால் போதும். ஈரம் மிஞ்சினால் விதை அழுகும், குறைந்தால் வெடிப்புக்குள் விழுந்து வீணாகும். இந்தச் சாகுபடியில் அடியுரத்துக்கு வழியில்லை. அதனால் ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்தை முதல் நாள் மாலை ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து பூக்கும்போது ஒரு தடவையும் 15 நாள் கழித்து மறு தடவையும் அடியுங்கள்.

செம்மண்ணில் நெல் வரும், தண்ணீர்தான் நிற்காது. கல்லணைக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விட ஆரம்பித்தால் வயல் சீக்கிரமே காய்ந்துவிடும். போட்ட யூரியாவும் தண்ணீரோடு கீழே போய்விடும். நெல்தான் என்று முடிவு செய்தால் யூரியாவை நாலு தவணையாகப் பிரித்துப் போடுங்கள். என்னைக் கேட்டால் அங்கே கடலை போடுங்கள் என்பேன். 40-45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும்; சுண்ணாம்புச்சத்து போதாவிட்டால் காய் பொக்காகும். அதன்பிறகு களைக்கொத்து விழக் கூடாது, விழுது அறுந்துபோகும்.

நிறத்தை மட்டும் வைத்து மண்ணை முடிவு செய்யாதீர்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு பொடித்த மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் உட்காருவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் கலங்கலாகவே நிற்பது களி.

பட்டுக்கோட்டை, பேராவூரணியைப் பார்த்துத் தென்னை வைக்கும் ஆசை இருந்தால், கன்று வாங்குமுன் நிலத்தில் நாலைந்து இடத்தில் 3 அடிக் குழி எடுத்துப் பாருங்கள். கடப்பாரை சரளையில் தட்டினால் கடலையோடு நின்றுகொள்ளுங்கள்.