மும்பையில் குண்டடி பட்டவருக்கு டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்ன சிகிச்சை தேவை, அது நியாயமாகக் கிடைக்கிறதா?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: அவருடைய சித்தப்பா மகன் வழியில் போகும்போது யாரோ யாரையோ சுட்ட குண்டு பட்டு, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இனி என்ன செய்வது, அரசு மருத்துவமனையில் ஒழுங்காகப் பார்ப்பார்களா?

நான் மும்பையில் பிசியோதெரபிஸ்ட். தாராவியில் வளர்ந்தவன், வேலையும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். அதனால் ஆபரேஷன் தியேட்டரை விட ஓபிடி (வெளிநோயாளிப் பிரிவு) வரிசைதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

உயிரைக் காப்பாற்றும் கட்டத்தில் இந்த ஊரைப் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். போலீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் சிகிச்சை தரவேண்டும், அரசு டாக்டருக்கும் தனியார் டாக்டருக்கும் அது கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. சிக்கல் தொடங்குவது டிஸ்சார்ஜ் பேப்பரின் அடியில் ‘ஓபிடியில் காட்டவும்’ என்று ஒரு வரி கிறுக்கிக் கொடுக்கிறார்களே, அங்கேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன். அதிகாலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு போய் விற்பவர். வலது மேல்கையில் குண்டு. எலும்பைச் சேர்த்துவிட்டார்கள், தையலும் ஆறிவிட்டது. ஆனால் மணிக்கட்டு தொங்கிவிட்டது. மணிக்கட்டைத் தூக்கும் தசைகளுக்குப் போகும் ரேடியல் நரம்பு அடிபட்டால் அப்படித்தான் ஆகும். சாம்பார்க் கரண்டியை இடது கையால் எடுத்து வலது கைக்குள் வைத்து, மணிக்கட்டு விழாமல் இடது கையாலேயே தாங்கிக்கொண்டு எனக்கு ஊற்றிக் காட்டினார். பாதி வெளியே போனது. “இதுக்கு ஒரு கையே போதும் போல தம்பி” என்று சிரித்தார்.

நரம்பு மறுபடி வளர்வது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மேல்கையின் நடுவிலிருந்து முழங்கைக்குக் கீழே உள்ள தசை வரை அது போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போடவேண்டும், விரல்களைத் தினமும் மடக்கி நீட்டவேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். மூன்று நான்கு மாதத்தில் ஈஎம்ஜி (தசைக்கு நரம்பு வந்து சேர்கிறதா என்று காட்டும் சோதனை) எடுத்துப் பார்த்து, நரம்பு வரும் அறிகுறி இல்லையென்றால் ஆபரேஷனுக்கு முடிவெடுப்பார்கள். ஒன்று, ஒன்றரை வருடம் நரம்பு எட்டாமலே கிடந்த தசை பிறகு திரும்புவது கஷ்டம். ஆக, அந்த மூன்று நான்கு மாதத்தில் ஓபிடிக்கு ஒழுங்காக வருகிறாரா இல்லையா என்பதுதான் கையின் தலையெழுத்து.

அவர் எப்படி வருவார்? கேஸ் பேப்பருக்கு ஒரு வரிசை, எக்ஸ்ரேவுக்கு இன்னொரு கட்டடம், ஈஎம்ஜிக்கு வேறொரு தேதி. ஒவ்வொன்றும் ஒரு நாள் வியாபாரம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவு 15 நாள் வரை பேக்கேஜில் அடங்கும். இவருக்கு ஆட்டமே அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. இரண்டு தடவை வராவிட்டால் பைலில் ‘நோயாளி வரவில்லை’ என்று எழுதி மூடிவிடுவார்கள். அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காசு உள்ளவன் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட்டை வரவழைத்துக்கொள்கிறான், அவன் பைலில் இப்படி ஒரு வரி வருவதே இல்லை.

இதோடு சந்தேகம் வேறு. குண்டு பட்டவன் என்றால் ‘இவனும் ஏதோ கேங்’ என்று அக்கம்பக்கம் பேசும், சில நேரம் வார்டிலேயே பேசுவார்கள். பெரிய சம்பவத்தில் பட்டவர்களுக்கும் சுலபமாக இல்லை. 2008 நவம்பர் தாக்குதலில் சிஎஸ்டி ஸ்டேஷனில் காலில் குண்டு பட்ட சிறுமி, உயிரோடு பிடிபட்ட தீவிரவாதி கசாபை நீதிமன்றத்தில் அடையாளம் காட்டியவர். அவரே பின்னாளில் ஒரு வீட்டுக்காக பம்பாய் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. சந்தில் தனியாகக் குண்டு வாங்கியவனை யார் தேடுவார்கள்?

தேடுகிற ஏற்பாடு முடியாத காரியம் ஒன்றும் இல்லை. துப்பாக்கிச் சூடு அன்றாடமாகிவிட்ட அமெரிக்காவில், ஓக்லண்டு நகரத்தில் 1994-லேயே ஒரு அமைப்பு இதைத் தொடங்கிவிட்டது. அதே தெருக்களில் வளர்ந்த ஒருவர் காயம்பட்ட பையனின் படுக்கைக்கே வருவார், வீடு போன பிறகும் அடுத்த அப்பாயின்ட்மென்ட், படிப்பு, வேலை என்று கூடவே இருப்பார். நம் மாநகராட்சி மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். தலைக்கு மேல் வேலை, அதனால் நாமாகப் போய்க் கேட்டால்தான் நடக்கும். கேளுங்கள்.

சரி, உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். குண்டோ சிதறலோ உள்ளேயே இருந்தால் பதறவேண்டாம். சினிமாவில் கத்தியைச் சுட்டுக் குண்டைத் தோண்டி எடுத்ததும் ஹீரோ எழுந்து நிற்பார். நிஜத்தில் தோண்டுவதால் சேதம் அதிகம் என்று பல சமயம் விட்டுவிடுவார்கள். ஆனால் அது மூட்டுக்குள் இருந்தால் ஈயம் ரத்தத்தில் கலக்கலாம், அதை மட்டும் டாக்டரிடம் குறிப்பாகக் கேளுங்கள். என்றைக்காவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் முதல் வேலையாக உள்ளே உலோகம் இருப்பதைச் சொல்லவேண்டும். மண்ணீரலை எடுத்திருந்தால் நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் (Hib) தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று பாருங்கள். அப்படிப்பட்டவருக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலோடு நிறுத்தாமல் அன்றே மருத்துவமனை போகவேண்டும்.

தூக்கம் வராமல் இருப்பது, கணபதி ஊர்வலப் பட்டாசுக்கு உடம்பு உதறுவது, சம்பவம் நடந்த ரோட்டைச் சுற்றிப் போவது எல்லாம் ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது, பெரும்பாலோருக்குத் தெரியாது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 396-ஆம் பிரிவு, பழைய சிஆர்பிசியில் 357ஏ. சுட்டவன் யாரென்றே தெரியாவிட்டாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் இழப்பீடு கேட்டு மனு கொடுக்கலாம். ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ சான்று தந்தால், முதலுதவியையோ மருத்துவ வசதியையோ இலவசமாகத் தரும்படி ஆணையம் உடனே உத்தரவு போட முடியும். ஆசிட் வீச்சு, பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு எந்த மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்று அடுத்த பிரிவிலேயே இருக்கிறது, குண்டடி அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. மனுவுக்கு எஃப்ஐஆர் நகல், எம்எல்சி எண் (போலீஸ் கேஸ் என்று மருத்துவமனை பதிவு செய்த எண்), டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் எல்லாம் கேட்பார்கள். ஜெராக்ஸ் எடுத்து ஒரே பைலில் வையுங்கள், எக்ஸ்ரே பிலிமையும் தூக்கிப் போடாதீர்கள்.

கை கால் பலவீனம் நீடித்தால் ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது, 1955-லிருந்து நடக்கிறது. ஸ்பிளிண்ட், காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி), செயற்கைக் கால், தெரபி எல்லாம் ஒரே வளாகத்தில். சிகிச்சை முடிந்தும் குறை நிரந்தரமாக நிற்குமானால் யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். முதல் சில மாதங்களில் அவசரப்பட்டுப் போனால், இன்னும் தேறலாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எப்போது போகலாம் என்று ஆர்த்தோ டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.