ரத்தம் வேண்டாம், கால் நகத்தை வெட்டி வையுங்கள்

கேள்வி: மேற்கு வங்கத்தில், நதியா மாவட்டத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக வீட்டு அடிபம்புத் தண்ணீரைத்தான் குடும்பமே குடித்தோம். சோதித்ததில் லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் ஆர்சனிக். ஒரு மாதமாகக் கேன் தண்ணீர். உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிய ரத்தப் பரிசோதனை போதுமா?

பதில்: ரத்தத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பான 10 மைக்ரோகிராமைப் போல எட்டு மடங்கு குடித்திருக்கிறீர்கள், கவலை நியாயம்தான். ஆனால் ஆர்சனிக் ரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும், அப்புறம் கல்லீரல் அதை உருமாற்ற, பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரில் போய்விடும்.

அதனால் சிறுநீர்ப் பரிசோதனை சொல்வது போன வாரக் கதையை. ஒரு மாதம் கழித்து எடுத்து 'நார்மல்' என்று வந்தால் அந்த மூன்று வருடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், சோறும் பருப்பும் எந்தத் தண்ணீரில் வேகின்றன? இன்னும் அடிபம்புதான் என்றால் (பலர் வீட்டில் அப்படித்தான்) சிறுநீர் உடனே காட்டிக்கொடுக்கும். கொதித்தால் ஆர்சனிக் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். சிறுநீர் கொடுப்பதற்கு முன் நான்கைந்து நாள் கடல் மீன், இறால், நண்டு கூடாது. அவற்றில் இருப்பது தீங்கற்ற வகை ஆர்சனிக், ஆனால் மொத்தக் கணக்கில் அதுவும் சேர்ந்து உங்களைப் பயமுறுத்தும். வங்காளத்தில் இருந்துகொண்டு இது கஷ்டம்தான், ஹில்சாவும் கடலிலிருந்து ஆறு ஏறி வருகிற மீன்தான்.

பழைய கதைக்கு நகம். நகத்திலும் முடியிலும் இருக்கும் கெராட்டின் என்ற புரதத்தின் கந்தகம் ஆர்சனிக்கைப் பிடித்துவைக்கும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆனால் அதே தண்ணீரில் குளித்திருந்தால் வெளியிலிருந்தும் ஒட்டியிருக்கும், அலசினாலும் முழுக்கப் போகாது. கால் நகத்தில் அந்தத் தொல்லை குறைவு. இன்று வெட்டும் நுனி பல மாதம் முன்பு உருவானது. பத்து விரலிலும் வெட்டிக் கொடுங்கள், தள்ளிப்போட்டால் அந்த மாதங்களும் வெட்டுப்பட்டுப் போய்விடும்.

உள்ளங்கை, உள்ளங்காலில் சிறு தடிப்புகள், மார்பில் மழைத்துளி தெறித்த மாதிரிப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். 1983இல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் டாக்டர் கே.சி. சாஹா, மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் நோய் இருப்பதைக் கண்டுபிடித்ததே தோலைப் பார்த்துத்தான். பொதுவாக இவை வெளியே தெரிய ஐந்து, பத்து வருடம் ஆகும், ஆகவே இப்போது இல்லை என்றாலும் வருடம் ஒருமுறை பாருங்கள்.

குளிக்க, துணி துவைக்க அடிபம்பையே வைத்துக்கொள்ளலாம், தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு.