ஞாயிற்றுக்கிழமை பனிப்புயல்: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். சனி இரவு தொடங்கி ஞாயிறு முழுக்கப் பெரிய பனிப்புயல் என்கிறார்கள். என் மாமனாரும் மாமியாரும் சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட் வழியாக ஞாயிறு மதியம் நியூவர்க்கில் வந்து இறங்குகிறார்கள். போனில் இருக்கும் ஆப் திங்களன்று 18 அங்குலம் என்றது. செவ்வாயன்று 4 அங்குலம். இன்று புதன் காலை 11 அங்குலம். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் வானிலைப் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் ராத்திரி ஒரு மணிக்குக்கூட கலர் கலராக வரைபடம் அனுப்புகிறார். யாரை நம்புவது? டிக்கெட்டை மாற்ற வேண்டுமா? எப்போது முடிவு செய்வது?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்று முடிவு செய்யாதீர்கள். வெள்ளிக்கிழமை காலை, உங்கள் நேரம் பத்து பத்தரை மணிக்கு முடிவு செய்யுங்கள். அப்போது சென்னையில் வெள்ளி இரவு ஒன்பது மணி ஆகியிருக்கும். பிராங்க்ஃபர்ட் விமானம் சனி நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும் என்பதால் அவர்கள் பெட்டி கட்ட, வண்டி சொல்ல இன்னும் ஒரு முழு நாள் கையில் இருக்கும். அதுவரை ஆப்பைத் திறந்து பார்ப்பதால் உங்கள் நிம்மதி போவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

உங்கள் ஆப் மூன்று நாளில் மூன்று எண் சொன்னதால் அது பொய் சொல்கிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான ஆப்களில் மனிதர் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. வானிலையைக் கணக்கிடும் கணினி மாடல் கடைசியாகத் துப்பிய எண்ணை உங்கள் ஊரின் பெயருக்குக் கீழே ஒட்டிவிடுவார்கள். 18, 4, 11 மூன்றும் ஒரே புயலைப் பற்றிய கணக்குகள்தான். ஒவ்வொரு தடவையும் புயலின் பாதை ஐம்பது, எழுபது மைல் இப்படியும் அப்படியும் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். நாலைந்து நாள் முன்கூட்டிச் சொல்லும்போது ஐம்பது மைல் பிழை என்பது அருமையான கணிப்பு. கெடுதல் என்னவென்றால், அந்த ஐம்பது மைலுக்குள்தான் எடிசன் இருக்கிறது.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் நாகப்பட்டினத்தில் கரையேறுமா, நெல்லூர் பக்கம் போய்விடுமா என்று டிசம்பர் முழுக்கப் பேசுவோமே, அதே கதைதான் இங்கே, குளிரோடு சேர்த்து. கரோலினா கடற்கரைக்கு அப்பால், வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டத்தின் மேல் ஒரு காற்றழுத்தத் தாழ்வு பிறக்கிறது. நிலத்தில் கனடாவிலிருந்து இறங்கிய கடுங்குளிர். இரண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான் அதற்குத் தீனி. கரையை ஒட்டியே வடகிழக்காக ஏறிப் போகும். நம் மேல் வடகிழக்கிலிருந்து காற்று அடிக்கும் என்பதால் இங்குள்ளவர்கள் அதை ‘நார்ஈஸ்டர்’ என்கிறார்கள்.

வானிலை ஆர்வலர்கள் அடிக்கடி ‘நாற்பது-எழுபது’ என்று பேசிக்கொள்வதை உங்கள் நண்பரிடம் கேட்டிருப்பீர்கள். நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே கடலில் இருக்கும் ஒரு புள்ளி அது, வடக்கு அட்சரேகை 40, மேற்கு தீர்க்கரேகை 70. புயலின் மையம் அந்தப் புள்ளியை ஒட்டிப் போனால் நியூயார்க், நியூஜெர்சிக்குப் பொதுவாக நல்ல பனி. அதற்கு உள்ளே, கரைக்கு நெருக்கமாக வந்தால் கடலின் சூடு நம் தலைக்கு மேல் நுழைந்து பனி மழையாக மாறிவிடும், பென்சில்வேனியா மலைகளில் இருப்பவர்கள் கொண்டாடுவார்கள். வெளியே தள்ளிப் போனால் லாங் ஐலண்டின் கிழக்கு முனைக்கும் மாசசூசெட்ஸின் ‘கேப் காட்’ கரைக்கும் யோகம், நமக்குக் காற்று மட்டும். எடிசன் இந்த இரண்டு விளிம்புக்கும் நடுவில் இருக்கிறது. ‘எத்தனை அங்குலம்?’ என்று கேட்பதைவிட ‘நாம் எந்த விளிம்பில் இருக்கிறோம், அது எந்தப் பக்கம் நகர்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். குழுவில் வரும் பாதிச் சண்டை உங்களுக்குப் புரிந்துவிடும்.

விளிம்பு என்ன செய்யும் என்பதற்கு இரண்டு ஜனவரிகளைச் சொல்கிறேன். 2015 ஜனவரி 26, 27: நியூயார்க் நகரத்துக்கு இரண்டடிக்கு மேல் என்று எச்சரிக்கை. பனிக்காக சுரங்க ரயிலை முழுவதும் நிறுத்தினார்கள், அதன் நூற்றுப்பத்து ஆண்டு வரலாற்றில் அதுதான் முதல் தடவை. விடிந்து பார்த்தால் சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம். ஆனால் லாங் ஐலண்டில் கிழக்கே போகப் போக இரண்டடி, பாஸ்டனிலும் இரண்டடிக்கு மேல். புயல் வரத்தான் செய்தது, விளிம்பு மட்டும் ஐம்பது மைல் கிழக்கே நின்றுவிட்டது. அமெரிக்க தேசிய வானிலை சேவையில் நம் பகுதியைக் கவனிக்கும் மவுண்ட் ஹாலி அலுவலகத்தின் தலைவராக இருந்த கேரி ஸாட்கவ்ஸ்கி அன்று ட்விட்டரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருஷம், 2016 ஜனவரி 23, தலைகீழ். வாஷிங்டன் பக்கம் பெரிய புயல் என்று ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே எல்லா மாடலும் ஒத்துப் போயின. நியூயார்க் வடக்கு விளிம்பில் இருந்ததால் முதல் நாள்வரை ஓர் அடியை ஒட்டித்தான் பேச்சு. விளிம்பு வடக்கே ஏறியது. சென்ட்ரல் பார்க்கில் 27.5 அங்குலம், 1869 முதல் வைத்திருக்கும் கணக்கில் அதுதான் உச்சம்.

சரி, உங்கள் நண்பர் ஏன் ராத்திரி ஒரு மணிக்கு முழித்திருக்கிறார்? அவர் தூக்கம் கெட்டவர் இல்லை, கால அட்டவணைப்படி நடப்பவர். உலகம் முழுக்க வானிலை பலூன்கள் கிரீன்விச் நேரப்படி ஒரு நாளைக்கு இரண்டு தடவை மேலே போகின்றன. குளிர்காலத்தில் நம் நேரப்படி அது காலை ஏழு, மாலை ஏழு. அந்த அளவீடும் செயற்கைக்கோள் தரவும் விமானங்கள் அனுப்பும் தரவும் சேர்ந்து மாடலுக்குள் போகும். அமெரிக்க மாடலான ஜி.எஃப்.எஸ். இரவு பத்தரைக்கு மேல் வரத் தொடங்கும். இங்கிலாந்தின் ரெடிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடல், எல்லோரும் ‘யூரோ’ என்று சொல்வது, கிட்டத்தட்ட ஒரு மணிக்கு. பகலில் அதே கதை காலை பத்தரைக்கும் மதியம் ஒரு மணிக்கும். இந்த நேரங்களில் ஆர்வலர்களின் மனநிலை பங்குச்சந்தை மாதிரி ஏறி இறங்கும். 

அவர்களில் பெரும்பாலோருக்குப் பனி பிடிக்கும், அதை மறந்துவிடாதீர்கள். பனியைக் காட்டும் ரன், அதாவது மாடலை ஒரு தடவை ஓட்டி வந்த கணக்கு, உடனே குழுவுக்கு வரும். காட்டாத ரன் பற்றி ஒரு மணி நேரம் மௌனம், அப்புறம் ‘இந்த ரன்னில் ஏதோ கோளாறு’ என்று ஒரு செய்தி. நானும் பல வருஷம் அப்படி இருந்தவன்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

யூரோ எப்போதும் சரி, ஜி.எஃப்.எஸ். எப்போதும் தப்பு என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சராசரியில் யூரோ முன்னால் நிற்பது உண்மை. ஆனால் 2015 ஜனவரியில் யூரோதான் பனியை மேற்கே இழுத்துக் காட்டியது, அந்த மாதம்தான் மேம்படுத்தப்பட்டிருந்த ஜி.எஃப்.எஸ். நகரத்துக்குக் குறைவாகச் சொன்னது. ஒரு மாடலைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட, ஒவ்வொன்றின் கூட்டுக் கணிப்பைப் பாருங்கள். ஆரம்ப அளவீடுகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி அதே மாடலைப் பல தடவை ஓட்டுவார்கள். யூரோவில் 51 தடவை, ஜி.எஃப்.எஸ்ஸில் 31 தடவை. 51இல் 40 நியூஜெர்சிக்கு ஆறு அங்குலத்துக்கு மேல் காட்டினால் அது செய்தி. ஒரே ஒரு ரன் 25 அங்குலம் காட்டினால் அது வாட்ஸ்அப் படம். நண்பரிடம் இப்படிக் கேளுங்கள்: “கூட்டுக் கணிப்பில் எண்களின் சிதறல் நேற்றைவிடக் குறைந்ததா?” மனுஷர் சந்தோஷத்தில் உங்களுக்கு அரைமணி நேரம் விளக்குவார், நிஜமாகவே பயனும் இருக்கும்.

அந்த ஊதா நிற வரைபடங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாடல் கணக்கிடுவது அடிப்படையில் தண்ணீரை. அதைப் பனியாக மாற்ற, இலவச வரைபடங்கள் பலவும் ஓர் அங்குலத் தண்ணீருக்குப் பத்து அங்குலப் பனி என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகின்றன. உறைநிலையை ஒட்டி விழும் ஈரப்பனி ஆறு ஏழு மடங்குகூடத் தேறாது. நல்ல குளிரில் விழும் பஞ்சுப்பனி பதினைந்து மடங்கும் போகும். ஆக 1.2 அங்குலத் தண்ணீர் எட்டு அங்குலமாகவும் முடியலாம், பதினெட்டாகவும் முடியலாம். போதாததற்கு, சில வரைபடங்கள் ஸ்லீட்டையும், அதாவது கடுகு மாதிரி சடசடவென்று விழும் பனிக்கட்டித் துகளையும், பனி என்றே எண்ணிவிடும். தரையில் உறைநிலைக்குக் கீழே இருந்தாலும், ஒரு மைல் உயரத்தில் மெல்லிய சூடான அடுக்கு ஒன்று நுழைந்தால் போதும், பனிச்செதில் உருகி, மறுபடி உறைந்து ஸ்லீட்டாக விழும். 2017 மார்ச் 14 அன்று இதுதான் நடந்தது. நகரத்துக்கு ஓர் அடிக்கு மேல் என்று சொன்னார்கள், சென்ட்ரல் பார்க்கில் 7.6 அங்குலம். கடைசி நேரத்தில் எண்ணைக் குறைத்தால் ஜனங்கள் அசட்டையாக ரோட்டில் இறங்கிவிடுவார்கள் என்று வானிலை சேவை குறைக்காமல் விட்டது பின்னால் தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. ஸ்லீட்டை மண்வெட்டியால் அள்ளிப் பார்த்தவன் என்ற முறையில் அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஈரமணல் மாதிரி கனக்கும்.

அப்படியானால் யாரைப் பார்ப்பது? தேசிய வானிலை சேவையின் உள்ளூர் அலுவலகப் பக்கம். இதில் உங்களுக்கு ஒரு விசேஷ சிக்கல் உண்டு. எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டி மவுண்ட் ஹாலி அலுவலகத்தின் பொறுப்பு. இருபது மைல் வடக்கே இருக்கும் நியூவர்க் விமான நிலையமோ, லாங் ஐலண்டின் அப்டனில் இருக்கும் நியூயார்க் அலுவலகத்தின் பொறுப்பு. உங்கள் வீட்டு வாசலுக்கு ஒன்றும் விமானத்துக்கு மற்றொன்றும் பார்க்க வேண்டும். இரண்டிலும் பெரிய புயலுக்கு முன் மூன்று வரைபடங்கள் வரும்: எதிர்பார்க்கும் அளவு, பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்புடன் குறைந்தது இவ்வளவு, பத்தில் ஒரு பங்கு வாய்ப்புடன் அதிகபட்சம் இவ்வளவு. எதிர்பார்க்கும் அளவை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பாருங்கள். குறைந்தது 1, அதிகம் 19 என்றிருந்தால் ‘இன்னும் தெரியாது’ என்று அர்த்தம். குறைந்தது 8, அதிகம் 16 என்று சுருங்கிவிட்டால் விமானம் இறங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு அந்தப் பக்கத்தில் வானிலை ஆய்வாளர்கள் எழுதும் விவாதக் குறிப்பு ஒன்று வரும். கொஞ்சம் கரடுமுரடான மொழி, ஆனால் எதில் சந்தேகம் என்று நேர்மையாகச் சொல்வார்கள். ஆப்பில் கிடைக்காத விஷயம் அது.

வெள்ளிக்கிழமை என்று நான் நாள் குறித்ததற்குக் காரணம் இருக்கிறது. திங்களன்று இந்தப் புயலின் விதை பசிபிக் கடலுக்கு மேல் இருந்தது, அங்கே பலூன் விட ஆளில்லை. கரையேறி அமெரிக்க நிலத்துக்கு மேல் வரும்போது அளவீடுகள் கூடும், மாடல்கள் நெருங்கி வரும். அதற்கு முன் ‘புயல் போச்சு’ என்று யாராவது குழுவில் இரங்கல் எழுதினாலும் டிக்கெட் விஷயத்தில் அசைய வேண்டாம். 2010இல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு மாடல்கள் புயலைக் கடலுக்குள் தள்ளிவிட்டன. கிறிஸ்துமஸை ஒட்டித் திரும்பக் கொண்டுவந்தன. 26, 27 தேதிகளில் சென்ட்ரல் பார்க்கில் 20 அங்குலம்.

இன்னொரு நல்ல அடையாளம், பலரும் கவனிக்காதது: விமான நிறுவனங்கள். கட்டணமில்லாமல் பயணத் தேதியை மாற்றலாம் என்று நியூவர்க்கின் பெயரைப் போட்டு அறிவிப்பு வந்தால், சம்பளம் வாங்கும் வானிலை நிபுணர்கள் புயலை நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். இப்போதெல்லாம் விமானமும் சிப்பந்திகளும் பனியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று முந்தின நாளே ரத்து செய்துவிடுகிறார்கள். அந்த அறிவிப்பு வந்ததும் மாற்றினால் செவ்வாய் இருக்கை கிடைக்கும். ரத்தான பிறகு மாற்றப் போனால் வரிசையில் நானூறு பேருக்குப் பின்னால் நிற்பீர்கள்.

ஆகவே வெள்ளி காலை மூன்றையும் பாருங்கள்: அப்டன் அலுவலகத்தின் குறைந்தபட்ச வரைபடம் நியூவர்க்குக்கு நாலைந்து அங்குலத்தைத் தாண்டுகிறதா, பனிப்புயல் எச்சரிக்கை வந்துவிட்டதா, விமான நிறுவனம் தேதி மாற்ற விடுகிறதா. இதில் இரண்டுக்கு ஆம் என்றால் சென்னையிலேயே இருக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், ஏனென்றால் அவர்கள் மாட்டினால் மாட்டும் இடம் பிராங்க்ஃபர்ட். ஷெங்கன் விசா இல்லாத இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளியே வந்து ஊருக்குள் ஹோட்டலில் தங்க முடியாது. எழுபது வயதில் விமான நிலைய நாற்காலியில் ஓர் இரவு, சில சமயம் இரண்டு இரவு. சென்னை வீட்டில் இரண்டு நாள் கூடுதலாக இருப்பது எவ்வளவோ மேல்.

மூன்றில் ஒன்றுக்குக்கூட ஆம் இல்லையென்றால் கிளம்பட்டும். எப்படியானாலும் இன்றைக்கே போன் செய்து ஒன்று சொல்லிவிடுங்கள்: பிரஷர், சர்க்கரை மாத்திரை நான்கைந்து நாளுக்கானது கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம். தடித்த ஜாக்கெட்டும் அப்படியே. விமானம் வேறு ஊரில் இறங்கினால் பெட்டி எங்கே போகும் என்பதை எந்த மாடலாலும் சொல்ல முடியாது.