எலும்புக்கூட்டுக்கு வயது கணிப்பது எப்படி?

கேள்வி: புதைகுழியில் கிடைத்த குழந்தையின் எலும்புகளைப் பார்த்து, இறந்தபோது அதற்கு ஏறத்தாழ நான்கு வயது என்று சொல்லிவிடும் ஆய்வாளர்கள், பக்கத்திலேயே கிடைத்த பெரியவருக்கு மட்டும் ‘முப்பத்தைந்திலிருந்து ஐம்பதுக்குள்’ என்று பட்டும் படாமலும் சொல்வது ஏன்?

பதில்: குழந்தையிடம் அவர்கள் பார்ப்பது வளர்ச்சியை, பெரியவரிடம் பார்ப்பது தேய்மானத்தை. வளர்ச்சி ஓரளவு நாள் தவறாமல் நடப்பது. முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் பிறப்பை ஒட்டியே தாடைக்குள் உருவாகத் தொடங்கி, ஆறு வயதுவாக்கில் முளைத்து, அதன் வேர்நுனி ஒன்பது, பத்து வயதில் மூடிக்கொள்கிறது. பட்டினியும் நோயும் எலும்பின் நீளத்தைக் குறைக்கும் அளவுக்குப் பல்லின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதில்லை என்பதால், தாடையை எக்ஸ்ரே எடுத்தாலே குழந்தையின் வயது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பதின்பருவத்தில் நீண்ட எலும்புகளின் முனைகள் தண்டோடு ஒட்டத் தொடங்குகின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியாக, கழுத்தின் அடியில் தோளுக்குச் செல்லும் காறை எலும்பின் மார்புப்பக்க முனை இருபதுகளின் இறுதியில்தான் முழுமையாக ஒட்டுகிறது.

அதற்குப் பிறகு நாள்காட்டி இல்லை. இடுப்பெலும்புகள் இரண்டும் முன்புறத்தில் சந்திக்கும் பரப்பைத்தான் ஆய்வாளர்கள் முதலில் கையில் எடுப்பார்கள். பதினெட்டு, இருபது வயதில் அது உழுத வயலைப்போல வரப்பும் பள்ளமுமாக இருக்கும். பிறகு பள்ளங்கள் தூர்ந்து, சுற்றிலும் விளிம்பு கட்டி, முதுமையில் அந்த விளிம்பே சிதைந்து பரப்பெங்கும் துளைகள் விழும். இம்மாற்றங்களை டாட் என்ற ஆய்வாளர் 1920-இல் பத்து நிலைகளாகப் பிரித்தார்; சூச்சி, புரூக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1990-இல் ஆறாகச் சுருக்கினார்கள். ஆண்களுக்கான அவர்களுடைய ஐந்தாம் நிலை 27 முதல் 66 வயது வரையும், ஆறாம் நிலை 34 முதல் 86 வரையும் நீள்கிறது. உழைப்பு, உணவு, உடல்வாகு ஆகியவை ஆளுக்கு ஆள் மாறும்போது தேய்மானமும் மாறுவதால், பட்டும் படாமலும் சொல்வதுதான் இங்கே நேர்மை. மண்டையோட்டுத் தையல்கள், அதாவது மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் கோடுகள், மூடியிருப்பதை மட்டும் வைத்து யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கேள்வி: அப்படியானால், பழங்காலத்தவர் பலர் ஐம்பதைத் தாண்டவில்லை என்பதும் ஐயத்துக்குரியதா?

பதில்: எலும்புகளை மட்டுமே சான்றாகக் கொண்டால், ஆம். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதித் தேவாலயத்தின் நிலவறையிலிருந்து 1980-களில் அகழ்ந்தெடுத்த சவப்பெட்டிகள் பலவற்றில், இறந்தவரின் பெயரையும் வயதையும் பொறித்த தகடுகள் இருந்தன. எலும்புகளிலிருந்து கணித்த வயதைத் தகட்டு வயதோடு ஒப்பிட்டபோது, இளையவர்களைக் கூடுதலாகவும் முதியவர்களைக் கணிசமாகக் குறைவாகவும் மதிப்பிட்டிருந்தது தெரியவந்தது. இதற்கு முன்பே, 1982-இல், போக்கே-ஆப்பெல், மாசே ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் இன்னொரு சிக்கலைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள்: வயது தெரிந்த எந்த எலும்புக்கூடுகளின் மாதிரித் தொகுப்பைக் கொண்டு அளவுகோல் அமைத்தோமோ, அத்தொகுப்பின் வயதுப் பரவலின் பக்கமே கணிப்பும் சாய்கிறது. போதாக்குறைக்கு, அகழாய்வு அறிக்கைகளில் ‘45-க்கு மேல்’ என்று ஒரே கட்டம் போட்டுவிடுவதும் உண்டு. எண்பது வயது வரை வாழ்ந்த பாட்டியும் அந்தக் கட்டத்துக்குள்தான் கிடப்பார்.